தம் கட்டுவோம், தனியே முங்க மாட்டோம்

பாசி எடுக்கும் சகோதரிகளுக்கான பயிற்சிப் பாடம்



இந்த இதழின் பாடத்தைக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிற நம் சகோதரிகளுக்காக எழுதியிருக்கிறோம். வீட்டில் சங்கு குளிக்கப் போகிற அண்ணன் தம்பியோ, ஈட்டி வைத்து மீன் குத்தப் போகிற மகனோ இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்க. கடலோரம் இல்லாத குழுக்களும் தள்ளிவிட வேண்டாம். கிணற்றிலும் கண்மாயிலும் பிள்ளைகள் "யார் ரொம்ப நேரம் தம் கட்டுறது" என்று போட்டி போடுகிறார்கள் அல்லவா? அங்கேயும் இதே ஆபத்து இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துக் கடலோரப் பெண்களுக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டவை. மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். பாசி கடைசியில் எங்கெங்கோ போய்ச் சேர்கிறது. ஆனால் அதைப் பாறையிலிருந்து எடுப்பது விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை கட்டி, தம் கட்டி முங்குகிற ஒரு பெண்தான்.

முங்குகிற பெண்கள் பொதுவாகக் கேட்கிற கேள்வி இது: "இன்னும் கொஞ்ச நேரம் தம் கட்ட முடிந்தால் இன்னும் ரெண்டு பிடி பாசி கிடைக்குமே, அதுக்கு என்ன பயிற்சி?" நியாயமான கேள்விதான். பயிற்சி இருக்கிறது, கீழே சொல்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் தம் என்பது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் நேரத்தைக் கூட்டப் போனால் உயிருக்கே ஆபத்து.

1. மூச்சு முட்டுவது எதனால்?

நாம் இழுக்கும் காற்றில் 100க்கு 21 பங்கு பிராணவாயு. வெளியே விடும் காற்றிலும் சுமார் 16 பங்கு மிச்சம் இருக்கிறது. அதாவது, ஒரு மூச்சில் இருக்கிற பிராணவாயு முழுவதையும் உடம்பு ஒரே நேரத்தில் செலவு செய்வதில்லை. அந்தக் கையிருப்பை வைத்துத்தான் நாம் தம் கட்டுகிறோம்.

தம் கட்டிக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைக்கிறது, வயிறு வெட்டி வெட்டி இழுக்கிறது, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று உடம்பு கத்துகிறது. பிராணவாயு தீர்ந்துவிட்டதால் இப்படி ஆகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை அது இல்லை. உடம்புக்குள் கரியமில வாயு சேர்ந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது. உடம்பு முக்கியமாக அளந்து பார்ப்பது கரியமில வாயுவைத்தான். பிராணவாயு குறைவதை அது சரியாகச் சொல்வதில்லை.

நம் வீட்டு அடுப்பை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். சமையல் காஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கெட்ட வாடை வீசும் பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த வாடை நமக்குப் பிடிக்காதுதான். ஆனால் வாடையை எடுத்துவிட்டால் கசிவு நின்றுவிடுமா? கசிவது தெரியாமல் போகும், அவ்வளவுதான். மூச்சு முட்டுவதும் அந்த வாடை மாதிரி. பிடிக்காவிட்டாலும் நம்மைக் காப்பாற்றுவது அதுதான்.

2. வேக மூச்சு வேண்டவே வேண்டாம்

முங்குவதற்கு முன்னால் "புஸ் புஸ்" என்று பத்து இருபது முறை வேகமாக மூச்சு இழுத்து விடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் ரொம்ப நேரம் கீழே இருக்க முடிகிறது என்பதும் உண்மை. ஆனால் எதனால் முடிகிறது?

நல்ல உடல்நிலையில் இருப்பவரின் ரத்தத்தில் பிராணவாயு ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் மேலும் ஊற்றினால் வழிந்துதான் போகும். வேக மூச்சு பிராணவாயுவைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. அது கரியமில வாயுவைக் குறைக்கிறது, அதாவது காஸிலிருந்து வாடையை எடுத்துவிடுகிறது. முட்டல் வர நேரமாகிறது. அதற்குள் பிராணவாயு தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடுகிறது. வலி இல்லை, போராட்டம் இல்லை, கையைக் காலை அடிப்பதும் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

மேலே வரும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கிவிடும். அந்த அழுத்தம் பிராணவாயுவை ரத்தத்துக்குள் தள்ளிக் கொடுப்பதால் கீழே இருக்கும்போது சௌகரியமாகவே தெரியும். மேலே வர வர அழுத்தம் குறையும், கிடைத்துக்கொண்டிருந்த பிராணவாயுவும் சட்டென்று குறைந்துவிடும். அதனால்தான் பலருக்கு மயக்கம் அடியில் வருவதில்லை. மேலே வந்து சேர ஓர் ஆள் உயரம் இருக்கும்போதோ, தலையை வெளியே எடுத்த சில வினாடிகளிலோ வருகிறது.

"நாங்க போறது ரெண்டாள் ஆழம்தானே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. ஆழம் குறைந்த நீச்சல் குளத்தில்கூட வேக மூச்சு எடுத்து முங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள்.

3. ஜேஜு தீவுப் பெண்களிடம் கற்க வேண்டியது

தென் கொரியாவில் ஜேஜு என்று ஒரு தீவு. அங்கேயும் பெண்கள் தம் கட்டி முங்கிச் சிப்பி, கடல் முள்ளெலி, பாசி எல்லாம் எடுக்கிறார்கள். அவர்களை 'ஹேன்யோ' என்பார்கள், கடல் பெண்கள் என்று அர்த்தம். அவர்களில் 80 வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். 2016ல் யுனெஸ்கோ இவர்களுடைய தொழில் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பாரம்பரியமாகப் பட்டியலில் சேர்த்தது.

இவர்கள் காற்று உருளை எதுவும் இல்லாமல் 10 மீட்டர் வரை போகிறார்கள். வருஷத்தில் சுமார் 90 நாள், ஒரு நாளைக்கு 7 மணி நேரம் வரை வேலை. அப்படியானால் ஒரு முங்குக்கு எவ்வளவு நேரம் தம் கட்டுவார்கள்? மூணு நிமிஷமா, நாலு நிமிஷமா? இல்லை. ஏறக்குறைய ஒரே ஒரு நிமிஷம்தான். வாழ்நாள் முழுக்க அதே தொழில் செய்கிறவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. ஒரே முங்கில் அதிக நேரம் இருப்பதில் அவர்கள் திறமை இல்லை. குறைந்த நேரத்தில் அலட்டிக்கொள்ளாமல் வேலை பார்த்து, மேலே வந்து ஓய்வெடுத்து, மறுபடியும் போவதில்தான் இருக்கிறது.

அவர்கள் பேச்சில் 'முல்சும்' என்று ஒரு சொல் உண்டு, தண்ணீர் மூச்சு என்று பொருள். மூச்சு முடிகிற நேரத்தில் ஒரு பெரிய சிப்பி கண்ணில் பட்டு, "இதை மட்டும் எடுத்துட்டுப் போயிடலாம்" என்று ஆசைப்பட்டால் தண்ணீரைத்தான் மூச்சாக இழுக்க வேண்டி வரும் என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் கடலிலும் இதேதான். பாறை இடுக்கில் தெரியும் கொத்துப் பாசியை விட்டு வர மனசு வராது. ஈட்டியில் குத்துப்பட்ட மீன் இழுத்துக்கொண்டு ஓடினால் அதை விட மனசு வராது. பாசி நாளைக்கும் அங்கேயே இருக்கும், விட்டுவிட்டு வாங்க.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹேன்யோ பெண்கள் வலைப் பையை இடுப்பில் கட்டிக்கொள்வதில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு மிதவை இருக்கும். முன்னே சுரைக்குடுக்கை வைத்திருந்தார்கள், இப்போது தெர்மோகோல் மாதிரியான பொருள். பை அந்த மிதவையில் தொங்கும். இதனால் உடம்பில் சுமை ஏறுவதில்லை. மேலே வந்ததும் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க ஒரு பிடிப்பும் கிடைக்கிறது. நம் சகோதரிகளும் மூடி இறுக்கமான காலி பிளாஸ்டிக் கேனைக் கொண்டே இதைச் செய்துகொள்ளலாம். இடுப்பில்தான் பை வேண்டும் என்றால் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்க.

4. கரையில் செய்யும் பயிற்சி

முதலில் ஒரு கட்டளை: இந்தப் பயிற்சியைத் தரையில் மட்டும்தான் செய்ய வேண்டும். பாயில் படுத்தோ, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோ செய்யுங்க. தண்ணீருக்குள் தனியாகச் செய்து பார்க்கவே கூடாது.

(அ) வயிற்று மூச்சு: மல்லாந்து படுத்து ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்க. மூச்சு இழுக்கும்போது வயிற்றுக் கை மேலே எழ வேண்டும், நெஞ்சுக் கை அசையக் கூடாது. 4 எண்ணும் வரை இழுத்து, 8 எண்ணும் வரை மெதுவாக விடுங்க. தினமும் காலையில் 5 நிமிடம் போதும். இதனால் உடம்பு தளர்கிறது. உடம்பு தளர்ந்தால் பிராணவாயுச் செலவு குறையும். தம் கூடுவதற்கு முதல் வழி சேமிப்புதான். வரவு கூடாவிட்டாலும் செலவைக் குறைத்தால் கையில் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா?

(ஆ) தம் பழக்கம்: கஷ்டப்படாமல் உங்களால் எத்தனை வினாடி தம் கட்ட முடிகிறது என்று ஒருத்தி கடிகாரம் பார்த்துச் சொல்லட்டும். அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்க. 60 வினாடி முடிகிறது என்றால் பயிற்சிக்கு 30 வினாடி. ஓய்வு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே இப்படிச் செய்ய வேண்டும்:

முதல் சுற்று: 2 நிமிடம் ஓய்வு, 30 வினாடி தம்
இரண்டாம் சுற்று: 1 நிமிடம் 45 வினாடி ஓய்வு, 30 வினாடி தம்
மூன்றாம் சுற்று: 1 நிமிடம் 30 வினாடி ஓய்வு, 30 வினாடி தம்
நான்காம் சுற்று: 1 நிமிடம் 15 வினாடி ஓய்வு, 30 வினாடி தம்
ஐந்தாம் சுற்று: 1 நிமிடம் ஓய்வு, 30 வினாடி தம்
ஆறாம் சுற்று: 45 வினாடி ஓய்வு, 30 வினாடி தம்

ஓய்வு நேரத்தில் சாதாரணமாக மூச்சு விடுங்க, வேக மூச்சு கூடாது. கடைசிச் சுற்றுகளில் கொஞ்சம் முட்டும். அந்த முட்டலைப் பதற்றப்படாமல் தாங்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சி. வாரத்துக்கு 3 நாள் செய்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தம் நேரத்தை 5 வினாடி கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். தலை கிறுகிறுத்தாலோ, கை விரல் மரத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்க.

தரையில் முட்டலைத் தாங்கப் பழகலாம். கடலில் தாங்கக் கூடாது. முதல் முட்டல் வந்த உடனே கையில் இருப்பதோடு மேலே திரும்புங்க. தரையில் 60 வினாடி கட்டுகிறவர் கடலில் 30, 40 வினாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீந்தும்போதும் பாசி பிடுங்கும்போதும் செலவு கூடுதல்.

5. கடலில் இறங்கியதும்

போன உடனே ஆழத்துக்குப் போகாதீங்க. முகத்தைத் தண்ணீரில் வைத்துச் சற்று மிதந்தால் இதயத் துடிப்பு தானாகவே குறையும். அது இயற்கை நமக்குக் கொடுத்த வசதி. முதல் மூன்று நான்கு முங்கு சின்னதாக இருக்கட்டும். அதற்குள் மண்ணீரல் சுருங்கி, தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சிவப்பு அணுக்களை ரத்தத்துக்குள் விடும்.

இறங்கும்போது தலையைக் குனிந்தே வைத்திருங்க, காலை அவசரமாக அடிக்க வேண்டாம். காது வலிப்பதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் மேலே வந்துவிடுங்க. சளி பிடித்த நாளில் முங்கவே வேண்டாம். கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியைவிட மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடியே நல்லது. ஆழத்தில் கண்ணாடி முகத்தை அழுத்தும்போது மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டால் அழுத்தம் சரியாகும். கண்ணை மட்டும் மூடும் கண்ணாடியில் அது முடியாது, கண் ரத்தச் சிவப்பாகிவிடும்.

மேலே வந்ததும் மூச்சு முழுவதையும் ஒரேயடியாக வெளியே தள்ளாதீங்க. மிதவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சமாக விட்டு, உடனே நன்றாக இழுத்து, ஒரு வினாடி நிறுத்தி விடுங்க. இப்படி மூன்று முறை செய்த பிறகு பேசலாம்.

மூச்சும் ஒரு கடன்தான் சகோதரிகளே. ஒவ்வொரு முங்கும் உடம்பிடம் வாங்குகிற கடன். பழைய கடனை அடைக்காமல் புதுக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கீழே இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே ஓய்வெடுங்க. 40 வினாடி முங்கினால் குறைந்தது 80 வினாடி ஓய்வு.

6. ஒருத்தி கீழே, ஒருத்தி மேலே

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்க. பத்துப் பேர் ஒரே படகில் போய், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் முங்கினால் பத்துப் பேருமே தனியாகத்தான் முங்குகிறார்கள்.

இரண்டு இரண்டு பேராகச் சேருங்க. ஒருத்தி முங்கும்போது மற்றவள் மேலே மிதந்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே வந்த பிறகும் 30 வினாடி கண்ணை எடுக்கக் கூடாது. "சரியா இருக்கேன்க்கா" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்தவள் தயாராகலாம்.

நினைவு தப்பினால்:
• உடனே மேலே தூக்கி, வாயும் மூக்கும் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி தாங்குங்க. கண்ணாடியைக் கழற்றுங்க.
• பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதுங்க. பலருக்கு இதிலேயே மூச்சு திரும்பிவிடும்.
• சில வினாடிகளில் மூச்சு வரவில்லை என்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்க. மற்றவர்களைக் கூவி அழைத்துப் படகில் ஏற்றுங்க.
• அப்போதும் மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து வேகமாக, ஆழமாக 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுங்க. மூச்சு வரும் வரை, அல்லது ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை இதை விடாமல் செய்யணும்.
• தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது வேண்டவே வேண்டாம். நேரம்தான் வீணாகும்.
• கரைக்கு 108, கடலில் உதவிக்குக் கடலோரக் காவல் படை 1554. இரண்டு எண்ணையும் படகில் எழுதி வையுங்க.
• நினைவு திரும்பிவிட்டாலும் அன்றைக்கு மறுபடி முங்கக் கூடாது. டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

7. ரத்தசோகை இருந்தால் தம் நிற்காது

பிராணவாயுவைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் எத்தனை பயிற்சி செய்தாலும் தம் நிற்காது. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துப் பாருங்க. 12 கிராமுக்குக் குறைவு என்றால் முதலில் மாத்திரை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், மீன். அதன் பிறகு தம் பயிற்சி.

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே முங்கக் கூடாது. தண்ணீர் குடிக்காமலும் போகக் கூடாது. கர்ப்பிணிகள், இழுப்பு, வலிப்பு, இதய நோய், காதில் சீழ் உள்ளவர்கள் முங்குவதைத் தவிர்க்க வேண்டும். புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்க.

8. சங்கமாக முடிவு எடுத்தால்தான் நடக்கும்

"மேலே சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா என் பாசி என்ன ஆகுறது?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பதும் நியாயம். பாதி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தனித்தனியாக அள்ளுகிறபோது கிடைக்கிற அளவு கிடைக்காது. ஆனால் சரியான ஓய்வு எடுத்து முங்குகிறவர் பாதி நேரம் எப்படியும் மேலேதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்தவளைப் பார்த்துக்கொண்டால் நட்டம் பெரிதாக இருக்காது. இரண்டு பேரும் எடுத்ததை ஒரே பையில் போட்டு, எடை போட்டுச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால் ஒருத்திக்கு ஒருத்தி போட்டியும் இருக்காது.

இப்படிக் கட்டுப்பாடு வைத்துக்கொள்வது பாசிப் பெண்களுக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் பெண்கள் சேர்ந்து பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, பாசி வளர்கிற காலத்தில் 45 நாள் எடுக்காமல் விடுவது என்று தாங்களே முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டு முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல் 'சீக்காலஜி' என்ற சர்வதேச விருது கிடைத்தது. பாசி அழியாமல் இருக்க விதி போட்டவர்கள், பாசி எடுக்கிறவள் அழியாமல் இருக்கவும் ஒரு விதி போடலாமே?

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் முங்கப் போகிறவர்கள் யார் யார்? ஜோடி பிரித்துப் பெயர் எழுதிவிட்டோமா?
2. ஜோடியாக எடுக்கும் பாசியை எப்படிப் பிரித்துக்கொள்வது? தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோமா?
3. மூக்கை மூடும் கண்ணாடியும் மிதவையும் வாங்கக் குழு நிதியிலிருந்து சிறு கடன் கொடுக்கலாமா?
4. எல்லோரும் ஹீமோகுளோபின் பார்த்துவிட்டோமா?
5. முதலுதவிப் பயிற்சிக்குச் சுகாதார நிலையத்தில் யார் போய்க் கேட்பது, எந்த நாளில்?
6. வங்கிக் கணக்கு உள்ள எல்லோரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்துவிட்டோமா? 18 முதல் 70 வயது வரை சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம்.

ஆறாவது கேள்வியில் சொன்ன அந்த 2 லட்சம் யார் வீட்டுக்கும் வர வேண்டிய தேவை வரக் கூடாது என்பதற்காகத்தான் மற்ற ஐந்து கேள்விகளும். அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்க. வயிற்று மூச்சை அங்கேயே எல்லோரும் சேர்ந்து ஐந்து நிமிடம் செய்து பாருங்க.